இரண்டு அணிக்கும் ஒரே அம்மன்!

பாலக்கோடு வட்டாரத்தில் மாரியம்மன் திருவிழா என்றால் கூழ், கரகம், மாவிளக்கு, விடிய விடியக் கூத்து. இவற்றோடு பல ஊர்களில் கபடிப் போட்டியும் உண்டு. பொழுது சாய்ந்ததும் கம்பம் நட்டு விளக்குகளைக் கட்டி, மண்ணைச் சமப்படுத்திச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுவார்கள். ஆட வரும் பிள்ளைகள் நேராகக் களத்துக்குப் போவதில்லை. அம்மன் சந்நிதியில் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, களத்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் உள்ளே காலெடுத்து வைப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எதிரணியும் அதையேதான் செய்யும்! அதே அம்மன், அதே கற்பூரம், அதே கடையில் வாங்கிய தேங்காய்.

அப்படியானால் அம்மன் யார் பக்கம்? கேலி பேசுபவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். ஆனால் நம்பிக்கை உள்ளவர்கள்தான் இதை நின்று யோசிக்க வேண்டும். இருவரும் வெற்றியைக் கேட்டால் ஒருவருக்குத்தான் கிடைக்கும். மற்றவரின் தேங்காய் வீண்தானா? அந்தப் பிள்ளை வாங்கிக்கொண்டு போவதற்குச் சந்நிதியில் வேறு ஏதேனும் இருக்கிறதா?

விடையைக் கபடிக் களத்திலேயே தேடுவோம். எதிரணியின் எல்லைக்குள் நுழைபவர் ஒரே மூச்சில் ‘கபடி, கபடி’ என்று பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு அறுந்தால் போன காரியம் கெட்டது. இன்றைய போட்டி விதிப்படி ஒருமுறை பாடிப் போக 30 விநாடி. அந்த 30 விநாடிக்குள் எதிரே நிற்கும் 7 பேரையும் கவனிக்க வேண்டும். யார் கால் முன்னால் வருகிறது, யார் கண் யாருக்குச் சைகை காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பாட்டும் நிற்கக் கூடாது.

யோசித்துப் பார்த்தால் இது ஒரு ஜபம் அல்லவா! ஒரே சொல், ஒரே மூச்சு, சிதறாத கவனம்.

கோபத்தில் இருப்பவனின் மூச்சைக் கவனித்திருக்கிறீர்களா? குட்டையாக, வேகமாக, மூக்கு விடைக்க வரும். பயந்தவனின் மூச்சு நெஞ்சின் மேல்பாகத்திலேயே நின்றுவிடும். மூச்சும் மனமும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள் என்பது யோகிகளின் அனுபவம். அதனால் கபடியில் யார் மனம் கலங்கியிருக்கிறது என்று ஜோதிடம் பார்க்க வேண்டியதில்லை, பாட்டே காட்டிக்கொடுத்துவிடும். முந்தின முறை தன்னை அமுக்கிப் பிடித்தவனைப் பழிவாங்கும் எண்ணத்தோடு போகிறவன், அவனை மட்டுமே பார்ப்பான். பின்னாலிருந்து இன்னொருவன் வந்து கணுக்காலைப் பிடித்துவிடுவான். உடம்பு, பலம், பயிற்சி எல்லாம் நேற்று இருந்தபடியேதான் இருக்கின்றன. மனம் மட்டும் வேறு இடத்தில் இருந்தது.

தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் ‘கர்ண மோட்சம்’ கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். கர்ணனுக்கு வில்வித்தையில் என்ன குறை? ஆனால் குலத்தை மறைத்து வித்தை கற்றதால் பரசுராமர் கொடுத்த சாபம் என்ன தெரியுமா? ‘உன் கை முறிந்து போகட்டும்’ என்றல்ல. ‘மிகவும் தேவைப்படும் நேரத்தில் கற்ற மந்திரம் உனக்கு மறந்துபோகட்டும்’ என்பது! குருக்ஷேத்திரத்தில் தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்தபோது கர்ணன் கோபத்தால் கண்ணீர் விட்டான் என்கிறது வியாச பாரதம். சக்கரத்தைத் தூக்கப் பார்க்கிறான், தருமத்தை எடுத்துச் சொல்லி வாதாடுகிறான், மந்திரம் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

ஆயிரம் முறை செய்து பழகிய காரியம் அந்த ஒரு நிமிடத்தில் கைக்கு வராமல் போவது. பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்த மாணவன் முதல் ஒலிம்பிக்கில் நிற்கும் வீரர் வரை அத்தனை பேரும் பயப்படுவது இதற்குத்தான். இன்றைக்கு இதை ஆராய விளையாட்டு உளவியல் என்று ஒரு தனிப் படிப்பே இருக்கிறது. நம் முன்னோர் இதைச் சாபம் என்று சொன்னார்கள். அனுபவித்தவர்களைக் கேட்டால் சாபம் என்ற சொல்லே பொருத்தம் என்பார்கள்.

இந்த மறதி எப்படி வருகிறது? பகவத் கீதையின் 2-ஆம் அத்தியாயத்தில் பகவான் ஸ்ரீகிருஷ்ணர் படிப்படியாக விளக்குகிறார். ஒன்றையே எண்ணிக்கொண்டிருந்தால் அதில் பற்று வருகிறது, பற்றிலிருந்து ஆசை, ஆசை தடைப்பட்டால் கோபம், கோபத்தால் மயக்கம், மயக்கத்தால் நினைவு தடுமாற்றம், அதனால் புத்தி நாசம், அதன் பிறகு மனிதனே நாசம். சந்நியாசிகளுக்குச் சொன்ன உபதேசம் என்று இதை ஒதுக்கிவிடுகிறோம். உபதேசம் நடந்த இடம் எது? ஆசிரமமா? போர்க்களம்! கையில் ஆயுதத்தோடு நின்ற ஒரு வீரனுக்குச் சொன்னது.

2006-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம் ஜெர்மனியின் பெர்லின் நகரில் நடந்தது. பிரான்ஸ் அணித் தலைவர் ஜிடேனுக்கு அதுதான் கடைசி ஆட்டம். 7-ஆவது நிமிடத்திலேயே கோல் போட்டவர் அவர். ஆட்டம் 1-1 என்று சமநிலையில், கூடுதல் நேரத்துக்குப் போனது. 110-ஆவது நிமிடத்தில் இத்தாலி வீரர் ஒருவர் சொன்ன வார்த்தையைக் கேட்டு, திரும்பி வந்து அவர் நெஞ்சில் தலையால் முட்டினார். சிவப்பு அட்டை. கோப்பைக்குப் பக்கத்திலேயே தலைகுனிந்து நடந்து வெளியேறிய அவர் படத்தை உலகமே பார்த்தது. பெனால்டி முறையில் பிரான்ஸ் தோற்றது. கீதை சொன்ன ஏழு படிகளையும் ஒரே நிமிடத்தில் இறங்கிவிட்ட கதை அது.

கோபமும் பயமும்தான் கவனத்தைக் கெடுக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சந்தோஷமும் கெடுக்கும்! சொல்லப்போனால் அதுதான் அதிக ஆபத்து. கோபம் வந்தால் ‘நமக்குக் கோபம் வந்திருக்கிறது’ என்றாவது தெரியும். ‘ஜெயித்துவிட்டோம்’ என்ற குதூகலம் வந்தால் அது எதிரி என்றே தெரியாது.

நம் சென்னைப் பிள்ளை குகேஷ் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 18. நெற்றியில் திருநீறு துலங்க உட்கார்ந்திருக்கும் பிள்ளை. 13 ஆட்டங்கள் முடிந்து இருவரும் சமநிலை. 14-ஆவது, கடைசி ஆட்டமும் டிரா ஆகும் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 55-ஆவது நகர்த்தலில் சீன வீரர் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்துவிட்டார். உலகப் பட்டமே மடியில் வந்து விழுகிறது! அந்தக் கணத்தில் கை எப்படிப் பரபரக்கும்? குகேஷ் அவசரப்படவில்லை. கணக்கை மறுபடி சரிபார்த்துக்கொண்டுதான் காயைத் தொட்டார். டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்த பிறகுதான் உடைந்து அழுதார். அழுதுகொண்டே என்ன செய்தார் தெரியுமா? கலைந்து கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஆட்டம் தொடங்கும்போது இருந்தபடி வரிசையாக அடுக்கினார்.

இந்தப் பிள்ளைக்கு உணர்ச்சியே இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? தேம்பித் தேம்பி அழுதாரே! உணர்ச்சி இருந்தது; அதற்கான நேரம் வரும்வரை அது வாசலில் காத்திருந்தது, அவ்வளவுதான்.

வாசலில் காத்திருக்கச் சொல்வது எப்படி? அதற்கு ஹரியானாவைச் சேர்ந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை மனு பாக்கர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் சுட்டுக்கொண்டிருக்கும்போதே அவருடைய துப்பாக்கி பழுதாகிவிட்டது. அதைச் சரி செய்வதற்குள் நேரம் ஓடிவிட்டது. இறுதிச் சுற்று வாய்ப்பு கை நழுவியது. அப்போது அவருக்கு 19 வயது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 28 அன்று பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார். வெள்ளிக்கும் அவருக்கும் நடுவே இருந்தது வெறும் 0.1 புள்ளி. கடைசி நிமிடங்களில் மனத்தில் என்ன ஓடியது என்று நிருபர்கள் கேட்டபோது, தான் கீதை படிப்பதைச் சொன்னார். செய்ய வேண்டியதைச் செய், பலனை உன்னால் கட்டுப்படுத்த முடியாது என்று கண்ணன் அர்ச்சுனனுக்குச் சொன்னதே தன் மனத்தில் ஓடியது என்றார்.

பலனை விடு என்பது ‘ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன’ என்ற அலட்சியம் இல்லை. அலட்சியமாக இருப்பவர் ஒரு நாளைக்கு அத்தனை மணி நேரம் பயிற்சி செய்வாரா? பலனைப் பற்றிய கவலையை, சுடுகிற அந்தச் சில நிமிடங்களுக்கு வேறு ஒருவர் கையில் ஒப்படைப்பது. இதுதான் விஷயம். பாலக்கோட்டிலிருந்து தருமபுரி வழியாகச் சேலம் போகும் சாலையில் அதியமான்கோட்டை காலபைரவர் கோயில் இருக்கிறது. போருக்குப் புறப்படுமுன் மன்னர் தம் வாளை பைரவரின் திருவடியில் வைத்து வணங்கி எடுத்துப் போவார் என்று அங்கே செவிவழியாகச் சொல்வார்கள். வாளைக் கீழே வைத்தபோது மன்னர் எதை வைத்தார்? இரும்பையா? ‘என்ன ஆகுமோ’ என்ற நடுக்கத்தையும் சேர்த்துத்தானே வைத்திருப்பார்! எடுத்தபோது வாளை மட்டும் எடுத்திருப்பார்.

கபடிப் பிள்ளைகள் அம்மன் முன்னால் செய்வதும் இதுவாக இருந்தால், இரண்டு அணிக்கும் அவள் ஒரே நேரத்தில் அருள முடியும். வெற்றியை இருவருக்கும் கொடுக்க முடியாது. நடுக்கத்தை இருவரிடமிருந்தும் வாங்கிக்கொள்ள முடியும்.

ஆனால், இங்கே ஒரு சறுக்கல் இருக்கிறது. சிலருக்கு அந்த வழிபாடே புதிய பயமாகிவிடுகிறது. ‘இன்றைக்குத் தேங்காய் அழுகலாக இருந்துவிட்டதே’, ‘போன தடவை ஜெயித்தபோது போட்ட பனியனைத் துவைத்துவிட்டார்களே’ என்று களத்தில் நிற்கும்போதும் மனம் அங்கேயே சுற்றும். சடங்கு நமக்கு உதவுகிறதா, நம்மைக் கட்டிப்போடுகிறதா என்று அறிய ஒரே வழி, அது ஒருநாள் தவறிப்போனால் மனம் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான். கோயில் அர்ச்சகர் தினமும் ஒரே வரிசையில் அபிஷேகம், அலங்காரம், நைவேத்தியம், தீபாராதனை என்று செய்கிறாரே, அந்த வரிசை அவர் மனத்தைச் சாந்தமாக்கி இறைவனிடம் கொண்டு சேர்க்கிறது. 2024-இல் ஓய்வு பெற்ற டென்னிஸ் வீரர் நடால், ஒவ்வொரு ஆட்டத்திலும் தண்ணீர் பாட்டில்கள் இரண்டை நாற்காலி முன்னால் ஒரே கோணத்தில் அடுக்கி வைப்பார். பார்த்தவர்கள் மூடநம்பிக்கை என்று சிரித்தார்கள். சுற்றிலும் ஒழுங்கு இருந்தால் மனமும் ஒழுங்காகும் என்பது அவர் கணக்கு. தூபமும் தீபமும் இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டில் வரிசையில் பூஜையின் சாயல் தெரிகிறது எனக்கு.

‘அப்படியானால் படபடப்பே இல்லாமல் பனிக்கட்டி மாதிரி இருந்தால் நன்றாக ஆடலாமா?’ என்று கேட்கலாம். திருவிழாவில் பறை அடிப்பவர்களைப் பாருங்கள். அடிக்குமுன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். காயாத தோல் தொப் தொப்பென்று சத்தம் கொடுக்கும். அதிகம் காய்ந்தால் கிழியும். 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எலிகளை வைத்துச் சோதித்துக் கண்டதும் ஏறக்குறைய இதுதான்: கடினமான வேலையைக் கற்பதற்குத் தூண்டுதல் குறைந்தாலும் ஆகாது, மிகுந்தாலும் ஆகாது. தமஸ், ரஜஸ், சத்துவம் என்று நம் சாஸ்திரம் பிரித்ததை இதோடு அப்படியே பொருத்துவது சரியாகாது என்றாலும், தூக்கத்துக்கும் கொதிப்புக்கும் நடுவே ஒரு தெளிவு உண்டு என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

எல்லாத் தோல்விக்கும் மனத்தையே காரணம் சொல்லிவிடவும் கூடாது. தொப்பூர் கணவாயைத் தாண்டினால் சேலம் மாவட்டம். அங்கே பெரியவடகம்பட்டிப் பிள்ளை மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியவர். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். 2021-இல் டோக்கியோவில் மறுபடி தங்கம் வாங்கும் எண்ணத்தோடு போனார். போட்டியின்போது மழை. 1.80 மீட்டருக்குப் பிறகு மழை வலுத்தது. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த காலுறை நனைந்து தாண்டச் சிரமமாகிவிட்டது என்று பிறகு சொன்னார். 1.86 மீட்டர் தாண்டினார், கிடைத்தது வெள்ளி. 2024-இல் பாரிஸில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம். மூன்று பாராலிம்பிக், மூன்று பதக்கம்! நனைந்த காலுறை நனைந்த காலுறைதான். ‘நீ மனசை ஒருமுகப்படுத்தவில்லை’ என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்வது சுலபம். மழையில் ஒற்றைக் கால் பலத்தில் தாண்டியவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

ஒருமுகப்பட்ட மனத்துக்கு உதாரணம் கேட்டால் நாம் உடனே அர்ச்சுனனைச் சொல்வோம். துரோணர் மரத்தில் வைத்த பொம்மைப் பறவையைக் காட்டி ‘என்ன தெரிகிறது?’ என்று கேட்டபோது, மற்றவர்களுக்கு மரமும் கிளையும் மனிதர்களும் தெரிந்தார்கள். அவனுக்குப் பறவை மட்டுமே, அதிலும் தலை மட்டுமே தெரிந்தது. பள்ளிக்கூடங்களில் எல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறோம். அதே அர்ச்சுனனுக்கு குருக்ஷேத்திரத்தில் காண்டீபம் கையிலிருந்து நழுவியதே! அன்று பறவையை மட்டும் பார்த்த கண், இன்று பாட்டனாரையும் குருவையும் பார்த்தது. உடம்பு நடுங்கியது, வாய் உலர்ந்தது. ஆக, ஒருமுகம் என்பது ஒருமுறை சம்பாதித்துப் பெட்டியில் பூட்டி வைக்கும் நகை இல்லை.

இதைவிட எனக்கு உறுத்தும் காட்சி வேறு. காட்டில் ஏகலைவனின் வில்திறமையைக் கண்டதும் அர்ச்சுனனுக்கு மனம் வெந்துபோனது. நேரே துரோணரிடம் போய், ‘என்னைவிடச் சிறந்த சீடன் யாரும் இருக்கமாட்டான் என்றீர்களே’ என்று முறையிட்டான். துரோணர் போய் ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்டு வாங்கினார். அதன் பிறகுதான் அர்ச்சுனனின் காய்ச்சல் தணிந்தது என்கிறது பாரதம். காய்ச்சல் என்றே வியாசர் சொல்கிறார்! குறி தவறாதவனுக்கும் பொறாமைக் காய்ச்சல் வந்திருக்கிறது. அதற்கான விலையைக் கொடுத்தது இன்னொரு பிள்ளை. கவனத்தைக் கூர்மையாக்குவது ஒன்று, மனத்தைச் சுத்தமாக்குவது வேறு. முதலாவதை மட்டும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, இரண்டாவது தானாக வந்துவிடும் என்று இருந்துவிடுகிறோம்.

அர்ச்சுனன்கூடச் சின்னப் பையன். துரோணர் பெரியவர் அல்லவா? தான் கொடுத்த வாக்கு, தன் சீடனின் பெயர், தன் கௌரவம் என்று அவர் எண்ணியதன் பாரம் ஒரு சிறுவனின் விரலில் போய் விழுந்தது. பள்ளிகளுக்கு இடையிலான விளையாட்டு விழாக்களில் கயிற்றுக்கு வெளியே நிற்கும் பெற்றோர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் துரோணர் ஞாபகம் வருகிறது. ‘விட்றாதடா!’, ‘அவன்கிட்டயா தோக்கப்போற?’, ‘வீட்டுக்கு வா, பேசிக்கறேன்!’ ஓடுகிற பிள்ளை தன் காலைக் கவனிக்குமா, அப்பாவின் குரலைக் கவனிக்குமா? அம்மன் முன்னால் இறக்கி வைத்துவிட்டு வந்த பாரத்தைக் கயிற்றோரத்தில் நாமே மறுபடி தூக்கி வைக்கிறோம்.

வேண்டுதலும் அப்படித்தான். பிள்ளை ஜெயித்தால் முடி காணிக்கை, மாவிளக்கு என்று தாய்மார்கள் வேண்டிக்கொள்வது நம் வழக்கம். தாராளமாக வேண்டிக்கொள்ளட்டும். ஆனால் ‘உனக்காக வேண்டியிருக்கேன், ஜெயிச்சிட்டு வந்துடு’ என்று கிளம்பும்போது பிள்ளையிடம் சொல்லி அனுப்பினால், அந்த வேண்டுதலை நிறைவேற்றும் பொறுப்பும் பிள்ளை தலையில் ஏறிவிடும். அது தாய்க்கும் மாரியம்மனுக்கும் நடுவே மட்டும் இருக்கலாமே. பிள்ளை தோற்றுவிட்டு வந்தால்கூட மாவிளக்கைப் போட்டுவிடலாம். பச்சரிசியும் வெல்லமும் வீட்டில் இருப்பவைதானே!